கமோலிக்குப் போற மருமவனுக்கு

இத்தாலிக்குப் போறியாமே மருமவனே, ஒங்க அத்தை சொன்னா. ரோமு, பிளாரன்சு, வெனிசு, பைசாவுல சாஞ்ச கோபுரத்துக்கு முட்டுக்குடுத்து ஒரு போட்டோ. நடுவுல ஒரு நாளு சும்மா கெடக்கு, கடலோரமாச் சின்ன ஊரு இருந்தா மாமாட்ட கேட்டுச் சொல்லுங்கன்னு ஆள் விட்டிருக்க. தூத்துக்குடி தோணியில கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரிச்சுப் போயிட்டு, பொறவு இரும்புக் கப்பல்ல ஏறி, ஜெனோவா துறைமுகத்துல சரக்கு எறங்குற வரைக்கும் வாயப் பாத்துக் கெடந்தவன் நான். என்கிட்ட கேட்டது சரிதான். ஆனா ஒனக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியும்ல, அதையே முதல்ல சொல்லிப்புடுதேன்.

பேசாம போர்ட்டோஃபினோவுக்குப் போயிரு. பெரும் பணக்காரனுவ உல்லாசப் படகைக் கொண்டாந்து கட்டிப் போட்டிருப்பானுவ. நீ கரையில நின்னு அவன் படகைப் பாக்கலாம். அவன் படகுல உக்காந்து ஒன்னைப் பாக்க மாட்டான். காப்பி குடிச்சுட்டு அந்த வெலைய ரூவாயில மாத்திப் பாக்காத, எம்புட்டுச் சீனி போட்டாலும் இனிக்காது. அங்கன போனேன்னு சொன்னா ஒன் ஆபீசுல அம்புட்டுப் பேருக்கும் தெரியும். கமோலிக்குப் போனேன்னு சொல்லிப் பாரு, அது என்ன காய்ச்சல் மாத்திரையான்னு கேப்பான்.

சரி, மாமன் பேச்சைக் கேக்கத்தான் செய்வேன்னு நீ அடம்பிடிச்சேன்னா, போர்ட்டோஃபினோ இருக்க அதே மலைக்கு மேக்குப் பக்கத்துல கமோலி கெடக்கு. ஜெனோவாவுலருந்து உள்ளூர் ரயில்ல ஏறுனா முக்கால் மணி நேரத்துக்குள்ள கொண்டு விட்டுருவான். காயிதத்துல டிக்கெட் எடுத்தா ஏறுறதுக்கு முன்ன பிளாட்பாரத்துல நிக்க மிசின்ல குத்திக்க. குத்தாம ஏறிட்டு, நான் வெளிநாட்டுக்காரன், எனக்குத் தெரியாதுன்னா, அவன் அபராதத்தை இங்கிலீசுல சொல்லுவான். குறைக்க மாட்டான்.

ரயிலடி மேட்டுல இருக்கு. கடலுக்குப் போவணும்னா படி எறங்கணும். எறங்குறப்ப எல்லாவனும் சிரிச்சுக்கிட்டேதான் எறங்குதான். திரும்பி ஏறுறப்ப மொகத்தைப் பாக்கணும்.

எறங்குனதும் வீட்டு வரிசையப் பாத்து வாயப் பொளப்ப. தப்பில்ல, நானும் பொளந்தேன். ஆறு மாடி, ஏழு மாடின்னு நெட்டுக்குத்தா கடலைப் பாத்து நிக்கும். காவி, மஞ்சள், செம்மண் கலரு. ஒவ்வொரு சன்னலுக்கும் பச்சைக் கதவு. சன்னலைச் சுத்திக் கல்லுல செதுக்குன தோரணம், தூணு, பலகணிக்குக் கீழ கொடுங்கை. கிட்டப் போயித் தொட்டுப் பாரு. கல்லுமில்ல, செதுக்குமில்ல. அம்புட்டும் சாயம். சில எடத்துல சன்னலே சாயம்தான். நெசச் சன்னலுக்குப் பக்கத்துல பொய்ச் சன்னலு, அதுக்குப் பொய் நெழலு. ஜெனோவா பக்கம் பூரா இந்தக் கைவேலை உண்டு. கல்லு செதுக்கக் கூலி சாஸ்தி, வரையக் கூலி கம்மி. வரிசை தப்பாம இருக்கணும்னு, சுவரு இருக்க எடத்துல சன்னலை வரைஞ்சு விட்டுருவானுவ. ஒன் கல்யாண ஆல்பத்துல ஒங்களுக்குப் பின்னால ஊட்டி மலைய ஒட்டிவிட்ட ஆளு இந்த ஊர்ல பொறந்திருந்தா நல்லாப் பொழைச்சிருப்பான்.

இந்த இடத்துல கைடு ஒருத்தன் வந்து சொல்லுவான் பாரு: மீன்காரன் நடுக்கடல்லருந்தே தன் வீட்டை அடையாளம் கண்டுக்கிடணும்னுதான் வீட்டுக்கு வீடு வேற வேற கலரு அடிச்சாங்களாம். நல்லாத் தலையாட்டு, போட்டோ எடுத்துக்க. ஆனா ராத்திரி வலை வளைச்சுட்டு இருட்டோட கரைக்கு வாறவனுக்குக் காவி எது, மஞ்சள் எதுன்னு எப்பிடித் தெரியும்னு மட்டும் கேட்டுறாத. கரையில வந்து ஏறுனப்புறம் வீட்டை வுட்டுட்டு வேற வீட்டுக்குப் போறவனுக்குக் கலரு தெரியாததா காரணம்?

அந்த மாடியெல்லாம் மீன் வித்த காசுல எழும்புனதுன்னு நெனைச்சுறாத. அதுக்குப் பின்னால வேற கதை கெடக்கு. 19-ஆம் நூற்றாண்டுல இந்தத் துண்டு ஊருக்கு இருந்த பாய்க்கப்பலுக்கு, ஆயிரம் வெள்ளைப் பாய்க்கப்பல் ஊருன்னே பட்டப்பேரு வாங்கிருச்சு. ஆயிரத்தையும் எண்ணுனவன் யாருன்னு நான் கேக்கல. பட்டப்பேரு வைக்கவன் என்னைக்கு எண்ணியிருக்கான். ஆனா கப்பலு நெசம். துறையப் பாத்தா நம்ப மாட்ட. கை அகலம், நாலு வள்ளம் குறுக்க நின்னா அடைச்சுரும். கப்பலெல்லாம் உலகம் பூராச் சுத்திக்கிட்டே கெடக்கும், ஊருக்குள்ள வராது. ஊருக்கு வந்தது லாபம் மட்டுந்தான்.

எப்பிடிச் சமாளிச்சானுவன்னு கேளு, ஒன் வேலைக்கு ஒதவும். ஒரு கப்பலை 24 பங்காப் பிரிச்சுருவானுவ. அந்தப் பங்குக்குக் காரட்டுன்னு பேரு. மாலுமிக்கு ரெண்டு, அவன் மாமனாருக்கு மூணு, கடைக்காரனுக்கு ஒண்ணு, புருசனைக் கடலுக்குக் குடுத்தவளுக்கு ஒண்ணு. ஊர்ப் பணம் பூரா மிதந்துக்கிட்டுக் கெடந்தா, மூழ்குறப்ப ஊரே மூழ்கிரும்ல? அதுக்கு 1853-ல கப்பல்காரனுவ எல்லாம் கூடி ஒரு காப்பீட்டுச் சங்கம் போட்டானுவ. வெளியாள் கம்பெனி கெடையாது. எவன் கப்பல் முங்குனாலும் மத்தவன் அம்புட்டுப் பேரும் தலைக்கு இவ்வளவுன்னு போட்டுத் தாங்கணும். இதுல என்ன சூட்சுமம்னா, பக்கத்து வீட்டுக்காரன் ஓட்டைக் கப்பலை ஓட்டுனா என் துட்டு போவும். அதனால ஒருத்தன் கப்பலுக்கு இன்னொருத்தன் வேவு. ஆப்பீசருக்குக் கை நனைச்சுச் சர்ட்டிபிகேட் வாங்கலாம், அண்டை வீட்டுக்காரன்கிட்ட நடக்காது.

சங்கம் போட்ட அதே வருசந்தான் கருங்கடல் பக்கம் கிரிமியச் சண்டை. 1856 வரைக்கும் நடந்துச்சு. பட்டாளத்துக்கும் குதிரைக்கும் தீவனத்துக்கும் ஓடக் கப்பல் வேணும். கமோலிக்காரன் குடுத்தான், கூலி கொட்டுச்சு. சண்டை போட்டவன் செத்தான், சாமான் ஏத்துனவன் மாடி கட்டுனான். பொறவு அதே வழியில ரஷ்யாக் கோதுமை. 1870-கள்ல மாலுமிப் படிப்புக்குன்னே பள்ளிக்கூடம் ஆரம்பிச்சானுவ.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, ஆனா அதுக்கு முன்னயே, 1869-ல, சூயஸ் கால்வாய் தொறந்துருச்சு. நீராவிக்காரன் நேரா உள்ள பூந்து இந்தியாவுக்கு வந்துட்டான். பாய்க்கப்பலைக் கால்வாய்க்குள்ள இன்னொரு கப்பலை வச்சு இழுக்கணும், அதுக்குக் கூலி. அதைத் தாண்டுனா செங்கடல்ல காத்து மொகத்துல அறையும். கமோலிக் கிழவனுவ பாயை விட்டாப் பெழைப்பு ஏதுன்னு பிடிவாதமா இருந்தானுவ. நீராவி தொடாத சரக்கா, நீராவி போவாத எடமாத் தேடி ஓடுனானுவ. நிலக்கரி, தென்னமெரிக்காவுல பறவை எச்ச உரம், கேப் ஹார்ன் முனையச் சுத்தி உயிரைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டம். மோட்டாரு வந்தப்ப எங்க தோணித் தண்டலுமாரு பேசுன பேச்சு எனக்கு ஞாபகம் இருக்கு. அதனால இந்தக் கிழவனுவளைப் பாத்து நான் சிரிக்க மாட்டேன். நீ சிரிச்சுக்க, நீ வருசத்துக்கு ஒரு போன் மாத்துறவன்.

அப்பிடி ஓடுன காலத்துல நடந்த ஒண்ணு சொல்லுதேன். 1892-ல ‘இத்தாலியா’ன்னு ஒரு கப்பலு, நிலக்கரி ஏத்திக்கிட்டு வந்தது, தெற்கு அட்லாண்டிக் நடுவுல டிரிஸ்டன் டா குன்யா தீவுல கரை தட்டிப்போச்சு. அந்தத் தீவுலருந்து அடுத்த குடியிருப்புக்குப் போவணும்னா 2,400 கிலோமீட்டருக்கு மேல தண்ணி. தப்புன மாலுமியெல்லாம் வேற கப்பலு வந்ததும் ஏறிப் போயிட்டானுவ. கமோலிக்காரனுவ ரெண்டு பேரு மட்டும் ஏறல: அந்திரேயா ரெபெட்டோ, கயெத்தானோ லவரெல்லோ. தீவுப் பொண்ணுவளைக் கட்டிக்கிட்டு அங்கயே தங்கிட்டானுவ. இன்னைக்கும் இருநூத்துச் சொச்சம் சனம் இருக்க அந்தத் தீவுல ரெபெட்டோ, லவரெல்லோன்னு குடும்பப் பேரு உண்டு. ஒலகத்துலயே ஒதுங்கிக் கெடக்க ஊர்ல போயிக் குடித்தனம் வச்சிருக்கானுவ பாரு. நீ மாமியார் வீடு மதுரையில இருக்கு, தூரமா இருக்குன்னு பொலம்புற.

இதெல்லாம் எங்க பாக்கலாம்னு கேப்ப. ரயிலடிக்குப் பக்கத்துல மாலுமி மியூசியம் இருக்கு. 1938-ல வந்தது. ஜோ போனோ ஃபெராரிங்கிறவரு பேருல இருக்கு. காரு செஞ்ச ஃபெராரி இல்ல, இவரு ஊர்க் கப்பல் கதைய உக்காந்து எழுதுனவரு. கேப்டன் வீட்டுச் சனங்க பரணைக் காலி பண்ணிக் குடுத்த சாமான்தான் பூராவும். கப்பல் பொம்மை, ஓட்டக் குறிப்பு நோட்டு, மீசையும் கோட்டுமா மொறைக்க கேப்டன் படம். எந்த நாளு, எத்தனை மணிக்குத் தொறப்பான்னு முன்னாடியே விசாரிச்சுக்க. தொறந்திருக்க நேரத்தை விடப் பூட்டியிருக்க நேரம் சாஸ்தி. ஒனக்கு அதுல நஷ்டமில்ல, பூட்டுன கதவுக்கு முன்னால நின்னும் போட்டோ எடுக்கலாம்.

ஆனா போஸ்கெத்தோ மாதா கோயிலை மட்டும் விட்டுறாத. கடலோரம் இல்ல, ஊருக்குள்ள மேட்டுப்பக்கம். டூர்க்காரனுவ அம்புட்டா எட்டிப் பாக்க மாட்டானுவ. 1518-ல ஒரு சிறுமிக்கு மாதா காட்சி குடுத்ததாச் சொல்லுதாவ. உள்ள போனாச் சுவரு பூராப் படம். ஒவ்வொண்ணுலயும் ஒரு கப்பலு, மரம் ஒடைஞ்சு, பாய் கிழிஞ்சு, அலை மேல ஒருக்களிச்சுக் கெடக்கும். மேல் மூலையில மேகத்துக்குள்ள மாதா நின்னுக்கிட்டிருப்பா. பொழைச்சு வந்தவன் நேர்ந்துக்கிட்டபடி படக்காரன்கிட்ட வரைஞ்சு வாங்கிக் கொண்டாந்து மாட்டுனது. கப்பல் பேரு, எந்தக் கடலு, எந்தத் தேதின்னு எழுத்தும் இருக்கும். நான் போனப்ப ஒவ்வொண்ணாப் பாத்தேன். கயிறு கட்டுன வெதம், எந்தப் பாயைச் சுருட்டியிருக்கான், எந்தப் பாயைச் சுருட்ட நேரமில்லாமப் போச்சு, எல்லாம் படத்துல பிசகாம இருக்கு. சாமிக்கு ரசீது குடுக்கப்போ எவனும் கணக்கைத் தப்பா எழுத மாட்டான் போல. கீழ ஊர்ல சன்னலைப் பொய்யா வரைஞ்ச அதே சனந்தான் மேல வந்து இப்பிடி வரைஞ்சு வச்சிருக்கு. ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்க: சுவத்துல இருக்கதெல்லாம் திரும்பி வந்த கப்பலு. வராத கப்பலுக்குப் படம் வரையச் சொல்ல ஆளு ஏது?

சரி, போதும். மொகத்தை அப்பிடி வச்சுக்காத, மீனுக்கு வாறேன்.

கமோலிக்கும் புந்தா கியாப்பான்னு நீட்டிக்கிட்டிருக்க பாறை முனைக்கும் நடுவுல, கரையிலருந்து கொஞ்ச தூரத்துல ஒரு வலை கட்டிக் கெடக்கு. தொன்னரெல்லான்னு பேரு. 17-ஆம் நூற்றாண்டுலருந்து எழுத்துல இருக்க வலை. ஏப்ரல்ல கட்டுனா செப்டம்பர் வரைக்கும் கெடக்கும். நாம கரைவலை வளைச்சு மீனைத் தேடிப் போறோம்ல, இவனுவ போவ மாட்டானுவ. கரையோரமா ஓடுற மீனு குறுக்க ஒரு வலைச்சுவரு கெடக்கதைப் பாத்துட்டு, சுத்திப் போவோம்னு ஆழத்துப் பக்கம் திரும்பும். அங்கதான் வாசலு. மீனு மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போன புது மாப்பிள்ளை கணக்கா உள்ள போயிரும். வாசல் தொறந்தேதான் கெடக்கும், திரும்பணும்னு தோணவே தோணாது. ஒனக்கு வெளக்கணுமா என்ன?

ஒருத்தன் படகுல காவல் இருந்து தண்ணிக்குள்ளயே பாத்துக்கிட்டிருப்பான். மீனு பூந்துருச்சுன்னா வாசலைத் தூக்கிருவானுவ. காலம்பற, பொறவு பகல்ல, பொறவு சாயங்காலம்னு நாளைக்கு மூணு தடவை மடியைத் தூக்குவானுவ, கையால. பாறையில ஒரு வகை, சூரையில ரெண்டு மூணு வகை வரும். சில நாளு சூரியமீன்னு ஒண்ணு மாட்டும், வாலே இல்லாத பெரிய வட்டம், திங்க ஆவாது. அதை வள்ளத்து விளிம்புலயே உருட்டித் தண்ணிக்குள்ள விட்டுருவானுவ. அது மாட்டுன சங்கதியே தெரியாம மிதந்துக்கிட்டுப் போவும்.

என்னைய ஆச்சரியப்படுத்துனது மீனு இல்ல மருமவனே, வலை. கரையில காயப்போட்டிருந்த கயித்தைத் தற்செயலாத் தொட்டேன். மோந்து பாத்தேன். நம்ம தேங்கா நாரு! லிகூரியாக் கரையில ஆலிவு மரம் உண்டு, எலுமிச்சை உண்டு, தென்னந்தோப்பு எங்க இருக்கு? நாரு கடல் தாண்டித்தான் வரணும். வந்த நாரைப் பருவத்துக்குப் பருவம் கையாலயே வலையாப் பின்னுதானுவ. ஏன் நைலான் வாங்கக் கூடாதான்னு அங்கன உக்காந்திருந்த ஒரு பெரியவருகிட்ட கையும் காலுமா ஆட்டிக் கேட்டேன். அவரும் கையும் காலுமா ஆட்டித்தான் சொன்னாரு. நாரு தண்ணியில கெடந்தா பாசி ஏறும், பாசிக்குச் சின்ன மீன் வரும், சின்னதைத் தேடிப் பெருசு வரும். பருவம் முடிஞ்சதும் வலைய அறுத்துக் கடலுக்குள்ளயே விட்டுருவானுவ. அது அடியில கெடந்து மக்கி, மீனுக்கே எரையாப் போயிரும். நைலான் வலை அறுந்து பாறையில மாட்டுனா வருசக் கணக்குல ஆளில்லாமயே மீனைக் கொன்னுக்கிட்டுக் கெடக்கும். நாரு வலை தானும் செத்துரும். 1999-ல அந்தக் கடலைப் பாதுகாத்த கடல்னு அரசாங்கம் அறிவிச்சப்பவும் இந்த வலை மட்டும் அதுக்குள்ள இருந்துக்கிட்டே இருக்கு. மீன்காரக் கூட்டுறவுச் சங்கத்துப் பயலுவதான் நடத்துதானுவ. பெருத்த லாபம்லாம் இல்ல. மீனு எம்புட்டுக் கெடைக்கும்னு மீனுதான் முடிவு பண்ணும்.

ஒனக்கு இதைப் பாக்க ஒரு வழிதான். விடியமுன்ன எந்திரிச்சுப் போவணும். லாட்ஜுல காலைச் சாப்பாடு சும்மா குடுக்கான்னு எட்டு மணிக்குத் தட்டைத் தூக்கிட்டு நின்னேன்னா, வலை தூக்கி, மீனு தரம் பிரிச்சு, தரையக் கழுவி விட்டுருப்பானுவ. ஈரத்தைப் பாத்துட்டு, ஆஹா என்ன சுத்தமான ஊருன்னு நீ எழுதிப் போடுவ.

சாப்பாட்டுக்கு வருவோம். உக்காந்தாலே காசு எடுப்பான், கோப்பெர்த்தோன்னு பில்லுல தனியா வரும். மேசைத் துணிக்கும் ரொட்டிக்கும் நீ உக்காந்ததுக்கும் சேத்த கூலி. எதுக்குன்னு சண்டை போடாத, நம்ம ஊர்ல ஏசி ரூமுக்குத் தனி வெலை குடுத்துட்டுப் பேசாமத்தான எந்திரிச்சு வாற? காப்பி மட்டும் நின்னுக்கிட்டுக் குடி, கம்மி. ஃபொக்காச்சான்னு எண்ணெய் மினுமினுக்குற ரொட்டி, அதைக் கையில வாங்கிக் கடலைப் பாத்து நடந்துக்கிட்டே தின்னு. உள்ள பாலாடைக்கட்டி உருகி வழியுறதுன்னா அது அடுத்த ஊரு ரெக்கோ சரக்கு.

ரெக்கோன்னதும் நெனைப்பு வருது. ரயில்ல வாறப்ப அந்த ஊரைப் பாப்ப. கண்ணைக் கவருற மாதிரி ஒண்ணுமில்ல, பொதுப்பணித்துறை கட்டுனாப்ல புதுக் கட்டடம். ரெண்டாம் உலகப் போர்ல, 1943, 44-ல, அங்க இருக்க ரயில் பாலத்தை ஒடைக்கணும்னு நேசநாட்டு விமானம் திரும்பத் திரும்பக் குண்டு போட்டுச்சு. ஊரு அநேகமாத் தரைமட்டம். பாலம் ரெக்கோவுல இருந்துச்சு, கமோலியில இல்ல. அம்புட்டுத்தான் விசயம். பழமை மாறாத அழகுன்னு நீ கமோலியப் பாத்துப் பூரிக்கப்போ, அதுக்கு ஒரு பாலம் காரணம்னு நெனைச்சுக்க. ரெக்கோக்காரன் கோவிச்சுக்கல, ரொட்டி சுட்டுப் பேரு வாங்கிட்டான்.

நெத்திலிச் சாதி மீனை உப்புப் போட்டு அடுக்கி வச்சிருப்பானுவ, அதை எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுப்பான், தின்னு. கல்லெத்தான்னு மாலுமி பிஸ்கோத்து ஒண்ணு உண்டு. மாசக்கணக்கா கப்பல்ல கெட்டுப்போவாம இருக்கச் சுட்டது. அதைத் தண்ணியும் காடியும் விட்டு ஊறவச்சு, மேல மீனு, ஆலிவு, எண்ணெய் எல்லாம் போட்டுப் பிசைஞ்சு கப்பநாடான்னு ஒரு சாப்பாடு. எங்க காலத்துல கப்பல்ல விதியேன்னு தின்னதை இப்போ பீங்கான் தட்டுல அழகா வச்சு, மாலுமி ஒரு மாசம் தின்ன காசை ஒரு வேளைக்கு வாங்குதான். நீ குடு. குடுத்துட்டு ஊறாத பிஸ்கோத்து ஒண்ணைத் தனியா வாங்கிக் கடிச்சுப் பாரு. முன்பல்லுல வேண்டாம்.

மத்தியானத்துக்கு மேல சான் ஃப்ருத்துவோசோவுக்குப் படகு ஏறு. ரோடே கெடையாது அந்த எடத்துக்கு. படகுல போவணும், இல்ல மலையேறி நடக்கணும். மலைக்கு அடியில ஒரு பழைய மடம். 13-ஆம் நூற்றாண்டுல ஜெனோவாவுல செல்வாக்கா இருந்த தோரியா குடும்பம் தங்க ஆளுவளை அங்கதான் அடக்கம் பண்ணுச்சு. பொறவு கடற்கொள்ளைக்காரனுக்குப் பயந்து 1562-ல ஒரு கோபுரம் கட்டுனானுவ. சன்னியாசி போயி, காலப்போக்குல மீன்காரன் குடிவந்து, வள்ளத்தை வளைவுக்குக் கீழ ஏத்தி வச்சுக்கிட்டான். மடத்துக்கு முன்னால அழகா ஒரு சரளைக் கரை இருக்கும், அதுல துண்டை விரிச்சு ஆம்பளை பொம்பளை எல்லாம் படுத்துக் கெடக்கும். அந்தக் கரை சாமி குடுத்ததில்ல. 1915-ல பேய் மழை பெஞ்சு மலை சரிஞ்சு, மடத்துல ஒரு பக்கத்தையும் இடிச்சுக்கிட்டு வந்து கொட்டுன கல்லும் மண்ணுந்தான் அது. முன்னக் காலத்துல கடலு மடத்து வாசல் வரைக்கும் நின்னுச்சு. நீயும் படு. யாரோட இடிபாட்டு மேல படுத்திருக்கோம்னு கேட்டா அப்புறம் எங்கயும் படுக்க முடியாது.

அந்த வளைகுடாவுல பதினேழு மீட்டர் ஆழத்துல ஏசு சொரூபம் நிக்குது, ரெண்டு கையும் மேல தூக்கி. வெண்கலம், ரெண்டரை மீட்டர் ஒசரம். குய்தோ கல்லெத்திங்கிறவரு செஞ்சது. 1954 ஆகஸ்ட் 22-ல எறக்குனானுவ. மூச்சுக்கருவி மாட்டி முங்கப் போயி 1947-ல அங்கன செத்துப்போன தாரியோ கொன்சாத்திக்காக, அவரு கூட்டாளி துய்லியோ மார்க்கந்தே பண்ணுன ஏற்பாடு. மாலுமி வாங்குன பதக்கம், கப்பல் மணி, பழைய கப்பல் சாமான் எல்லாத்தையும் சனங்க அனுப்பி, அதையும் உருக்கி வார்த்தது. ஒனக்கு முங்கத் தெரியாது. படகுல நின்னு எட்டிப் பாத்துட்டு, தெரியுது தெரியுதுன்னு கத்து. எல்லாவனும் அதைத்தான் செய்தான்.

திருவிழா சமயத்துல போவலாமான்னு கேட்டா, மே மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை மீன் திருவிழா. முந்தின ராத்திரி கரையில தீ மூட்டி, மறுநாள் நாலு மீட்டர் அகலச் சட்டியில மீனு பொரிச்சுக் குடுப்பானுவ. ஆதிகாலத்துப் பழக்கம்னு எவனாவது சொன்னா நம்பாத, 1952-ல ஆரம்பிச்சது. அந்தத் திருவிழாவை விட நான் மூத்தவன், எனக்கு எவனும் மீனு பொரிச்சுக் குடுக்கல. வேலை முடிஞ்சு ஓய்வு வாங்குன சட்டியச் சுவத்துல மாட்டி வச்சிருப்பானுவ, அதைப் பாத்துக்க. ஆகஸ்ட் மொத ஞாயிறு கடல்மாதா திருவிழா, நம்ம பனிமய மாதா திருவிழா ஓடுற அதே வாரத்துலதான் அநேகமா வரும். காலையில படகு படகாப் புந்தா கியாப்பாவுக்குப் பவனி, ராத்திரிக் கடல்ல ஆயிரக்கணக்குல மெழுகுவத்தி மிதக்க விடுவானுவ. மேல சான் ரோக்கோ கோயிலடியில ஆகஸ்ட் 16-ல விசுவாசமான நாய்க்குப் பரிசு, 1962-லருந்து நடக்கு. மனுசனுக்கு அந்தப் பரிசு கெடையாது. ஆரம்பத்துலயே யோசிச்சுத்தான் வச்சிருக்கானுவ.

திரும்புற படகு கடைசி எப்போன்னு ஏறுறதுக்கு முன்னயே கேட்டுக்க. அலை தூக்கிருச்சுன்னா படகே கெடையாது, கையில ரிட்டர்ன் டிக்கெட்டை வச்சுக்கிட்டு மலையத்தான் ஏறணும். பத்தேரியே வழியா ஒரு பாதை இருக்கு, பழைய பீரங்கி மேடையெல்லாம் தாண்டி, பாறையில சங்கிலியப் பிடிச்சுக்கிட்டு எறங்குற எடமும் உண்டு. பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போயிறாத. சங்கிலியப் பிடிக்கிறதா, அவ திட்டுறதுக்குப் பதில் சொல்றதான்னு தடுமாறிருவ. மேட்டுப் பாதையில போ.

எனக்கு ஒண்ணும் வேண்டாம், அந்தப் பிஸ்கோத்துல ஒரு பொட்டணம் போதும். உப்பு நெத்திலிப் போத்தலு வாங்குனா பெரிய பெட்டியில வையி, கைப்பையில வச்சா ஏர்போட்டுல பிடுங்கிருவான். ஒங்க அத்தைக்கு என்ன வேணும்னு கேட்டேன். சன்னலை வரைஞ்சு வச்ச ஊர்ல, அடுப்பங்கரைய வரைஞ்சு வச்ச வீடு இருக்கான்னு விசாரிச்சுட்டு வரச் சொல்லுதா. இருந்தா வெலையும் கேட்டுட்டு வரணுமாம்.